தோற்றவர்களுக்கே கோப்பை

ரப்பர் வளையம் உள்ளங்கையில் வந்து விழும்போது ஒரு சத்தம் கேட்கும். ஈரத் துணியைக் கல்லில் ஒருமுறை மட்டும் அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டது போல. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தூத்துக்குடியில் பெண்கள் சங்கத்து மைதானத்தில் அம்மாவும் அவள் சிநேகிதிகளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளையாடுவார்கள். நான் வேப்பமரத்தடியில் கண்ணை மூடிப் படுத்திருப்பேன். சத்தத்தை வைத்தே பிடித்தார்களா விட்டார்களா என்று சொல்லிவிடுவேன். பிடித்தால் ஒரு சத்தம். விட்டால் இரண்டு. கையில் ஒன்று, மண்ணில் ஒன்று.

எதற்குச் சொல்கிறேன் என்றால், தம்பி, நீங்கள் போட்டிருக்கும் இந்த மஞ்சள் டி-சர்ட்டை பஸ் ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறேன். தப்பாக நினைக்காதீர்கள். மச்சினன் கொடுத்ததா? அவருக்கு யார் கொடுத்தார்களோ. துவைத்துத் துவைத்து எழுத்தெல்லாம் போய், இப்போது உங்கள் நெஞ்சில் ‘சர்வதேச பாத்திரப் பொடி’ என்பது மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. முழுசாக என்ன இருந்தது தெரியுமா? ‘தூத்துக்குடி–கொழும்பு சர்வதேச வளையப்பந்துக் கோப்பை, வழங்குவது வெண்முத்து பாத்திரப் பொடி.’ அதை அச்சடித்த நாளில் நான்தான் பிழை திருத்திக் கொடுத்தேன். அந்தச் சங்கத்துக்குச் செயலாளர் நான். கிறிசில்டா டீச்சர் என்றால் தெரியும். பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் எடுத்தேன்.

மதுரை போய்ச் சேர நேரம் இருக்கிறது. ஒரு மக்ரூன் எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்புக்குக் கொண்டுபோகிறேன், ஒன்று குறைந்தால் ஒன்றும் ஆகாது.

டென்னிகாய்ட் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வளையத்தை எறிந்து பிடிப்பார்களே, அதுதான். கப்பல் தட்டில் பொழுது போகாமல் ஆடிய ஆட்டம் அது. நம்மூரிலிருந்து கொழும்புக்குக் கப்பல் போன காலத்தில், இங்கே இருந்த பெண்களுக்கும் அங்கே இருந்த பெண்களுக்கும் வருடத்துக்கு ஒரு போட்டி என்று ஆரம்பித்தார்கள். ஒரு கப்பல் கேப்டனின் மனைவி வெள்ளிக் கோப்பை ஒன்று கொடுத்தாள். இரண்டு காதும் ஒரு மூடியும் வைத்தது. முதல் வருடம் நாம் ஜெயித்தோம். கொழும்புக்காரப் பெண்கள் துறைமுகத்தில் நின்று ஒரே அழுகை. அழுதுகொண்டே எப்படிக் கப்பல் ஏறுவார்கள்? எங்கள் அம்மாமார் அந்தக் கோப்பையைத் தூக்கி அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். அழுகை நின்றுவிட்டது.

அன்றிலிருந்து அதுவே வழக்கம். தோற்றவர்களுக்குக் கோப்பை. ஜெயித்தவர்களுக்குத் தோற்றவர்கள் தங்கள் கையால் தேநீர் போட்டுக் கொடுப்பார்கள். தோற்ற அணியின் செயலாளர் கோப்பையை வீட்டில் வைத்து, ஒரு வருடம் தேய்த்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்க வேண்டும். தண்டனை மாதிரிதான். ஆனால் நல்ல தண்டனை.

கேள்விப்பட்டதில்லைதானே? உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது.

நான் செயலாளர் ஆனதிலிருந்து கோப்பை என் வீட்டில்தான் இருந்தது. நம்முடைய துரதிர்ஷ்டம், என்ன செய்வது. என் பங்குக்கு நான் எல்லா முயற்சியும் செய்தேன். அணியை நானே தேர்ந்தெடுப்பேன். அனுபவம் முக்கியம் இல்லையா? அதனால் பழைய ஆட்களையே எடுப்பேன். ரோஸ்லின் இருந்தாள், கண்ணில் புரை எடுத்த அடுத்த மாதமே வந்து ஆடினாள். அவ்வளவு ஈடுபாடு. இளம் பிள்ளைகள் சில பேர் வந்து கேட்பார்கள். நீங்கள் இன்னும் பக்குவப்பட வேண்டும் அம்மா என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அப்படியும் தோற்றுப்போவோம்.

அந்தக் கோப்பையை வரவேற்பறை ஷோகேஸில், குழந்தை இயேசுவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அதுதான் வேலை. பல்பொடியும் மெல்லிய துணியும். துடைத்து முடித்தால் அதில் என் முகம் தெரியும். கோப்பை வயிற்றில் தெரிகிற முகம் எப்போதும் சிரிக்கிற மாதிரி அகலமாகத்தான் இருக்கும். வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் சிரிக்கிற முகம் அது ஒன்றுதான். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். பொறுப்பு. செயலாளருக்கு உண்டான பொறுப்பு.

கொழும்புச் செயலாளர் திலகேஸ்வரி. வெள்ளவத்தையில் வீடு. யாழ்ப்பாணத்துக்காரி, வங்கியில் பெரிய வேலை பார்த்தவள். நான் திலகா என்பேன், அவள் கிறிசி என்பாள். ஒவ்வொரு வருடமும் ஜெயித்துவிட்டு, நான் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே கோப்பையை எட்டிப் பார்ப்பாள்.

“கிறிசி, நீர் பல்பொடி போட்டே அதை அரைவாசி ஆக்கிப்போட்டீர். வெள்ளியை விபூதியால துடைக்கவேணும்.”

“ஏன் திலகா, உங்க ஊர்ல பல்லையும் விபூதி வச்சுத்தான் விளக்குவீங்களோ?”

“எங்கட வீட்டுக்கு ஒருக்கா வரட்டும், அப்ப பாரும். வெள்ளி எண்டால் என்ன எண்டு காட்டுறன்.”

“ஜெயிக்கிறத நிறுத்து, வரும்.”

இது விளையாட்டுக்குச் சொன்னது. வேடிக்கைப் பேச்சு. அவள் அதை மனசில் வைத்துக்கொள்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சரி, ஸ்பான்சர் கதைக்கு வருகிறேன். கப்பல் எப்போதோ நின்றுபோனது. விமானத்தில் வர வேண்டும், ஹோட்டலில் தங்க வைக்க வேண்டும். சங்கத்தில் நாற்காலிக்குப் புதுப் பின்னல் போடவே வழியில்லை. அந்த நேரத்தில்தான் தவசிக்கனி அண்ணாச்சி வந்தார். வெண்முத்து பாத்திரப் பொடி அவர் கம்பெனிதான். தங்கமான மனுஷன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எதைப் பார்த்தாலும் இதில் எந்த இடத்தில் பெயர் எழுதலாம் என்று பார்க்கிற கண்.

“டீச்சர், பாத்திரப் பொடி இன்னைக்குத் தேதிக்கு ஆறு மாவட்டத்துல ஓடுது. ஆனா உள்ளூர்ச் சரக்குன்னு ஒரு இளக்காரம் இருக்குல்லா. சர்வதேசம்னு ஒரு வார்த்த போட்டா அது போயிரும். கோப்பைன்னு வேற சொல்லுதீங்க. கோப்பையும் பாத்திரந்தான.”

செலவு முழுவதும் அவருடையது. பதிலுக்கு என்ன வேண்டும் என்றேன். வலையில் பெயர், டி-சர்ட்டில் பெயர், தண்ணீர் பாட்டிலில் பெயர். வளையத்தில்கூடப் பெயர், தம்பி. ரப்பரைச் சுற்றி நீல எழுத்தில். நான் அப்போதே சொன்னேன், அச்சடித்தால் வழுக்கும் என்று. யார் கேட்டார்கள்? பிறகு, கோப்பையை ஒரு வருடம் அவருடைய ஷோரூமில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளம்பரம் எடுக்க வேண்டும் என்றார். ‘ஜெயிப்போம், ஜொலிப்போம்’ என்று விளம்பர வாசகம் தயாராக இருந்தது. முதுகில் பாருங்கள், இன்னும் லேசாகத் தெரியும்.

ஜெயித்தால் கோப்பை கொழும்புக்குப் போய்விடும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. கேட்காததை வலியப் போய்ச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதோடு, நாம் ஜெயிக்கப்போவதில்லை என்பது எனக்கு ஓரளவு தெரியும். அனுபவம்.

அங்கேதான் அண்ணாச்சி ஒரு வேலை செய்தார். போட்டிக்கு ஒரு வாரம் முன்னால், கல்லூரியில் பல்கலைக்கழக அளவில் ஆடுகிற பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். ஒவ்வொருத்தியும் சிறுத்தை மாதிரி இருந்தாள்.

“இவங்கள எறக்குதோம் டீச்சர். காசு போட்டுத் தோக்கவா?”

நான் பாரம்பரியத்தை எடுத்துச் சொன்னேன். அனுபவத்தை எடுத்துச் சொன்னேன். கடைசியில் நாலில் இரண்டு பேரை மட்டும் ஒப்புக்கொண்டேன். மற்ற இரண்டு இடத்துக்கு ரோஸ்லினும் இன்னொரு சிநேகிதியும். ரோஸ்லினுக்கு அந்தச் சமயம் தோள்பட்டை தூக்க வராது. ஆனாலும் அவளை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

போட்டிக்கு முந்தின நாள் விருந்து. திலகா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். எங்கட அம்மாமார், உங்கட அம்மாமார் என்று கப்பல் காலத்திலிருந்து ஆரம்பித்து, தோற்றவர்களுக்குக் கோப்பை வந்த கதை முழுவதையும் அழகாகச் சொல்லி முடித்தாள். அண்ணாச்சி கையில் வடையோடு கேட்டுக்கொண்டிருந்தார். வடை கையிலேயே இருந்தது. மெதுவாக என் பக்கம் வந்தார். “டீச்சர், அந்தம்மா என்னமோ சொல்லுதாங்களே.”

“ஆமா அண்ணாச்சி.”

“ஜெயிச்சா கோப்பை போயிருமா?”

“போயிரும்.”

“தோத்தா இங்கனயே இருக்குமா?”

“வழக்கம் அப்படி.”

வடையைத் தட்டில் வைத்துவிட்டார். “வழக்கத்த மாத்த முடியாதா?”

திலகாவிடம் போய்க் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே, “அது எங்கட கையில இல்லை ஐயா. செத்துப்போன ஆக்கள் செய்துவைச்ச ஒழுங்கு. அவையளிட்டத்தான் கேக்கவேணும்” என்றாள்.

அண்ணாச்சி சாதாரண மூளை இல்லை. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது முகத்தில் வெளிச்சம். “டீச்சர், தோத்தவங்கதான தேய்க்கணும்? தேய்க்கிறதுதான நம்ம தொழிலு?” மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மைதானத்தில் பழைய ஃப்ளெக்ஸ் இல்லை. புது ஃப்ளெக்ஸ், புது வாசகம். ‘தோற்றாலும் தேய்ப்போம்.’

அந்த இரண்டு பிள்ளைகளையும் தனியாகக் கூப்பிட்டு, ஊருக்காகத் தோற்றுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஒருத்தி சொன்னாளாம்: “அண்ணாச்சி, சர்டிபிகேட்ல வின்னர்னு போட்டாத்தான் எங்களுக்கு மார்க்கு. லூசர்னு கொண்டுபோனா ஹெச்.ஓ.டி. வாசல்லயே நிப்பாட்டிருவாங்க.”

நான் இதில் எல்லாம் தலையிடவில்லை. நான் விளையாட்டை விளையாட்டாகப் பார்க்கிறவள்.

மொத்தம் ஐந்து ஆட்டம். அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஜெயித்துவிட்டு வந்து தண்ணீர் குடித்தார்கள். ரோஸ்லினும் இன்னொருத்தியும் எதிர்பார்த்தபடி தோற்றார்கள். இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஆட்டம் எப்போதும் செயலாளர்களுக்கு. பதினொரு புள்ளி. வழக்கமாக அதற்குள் முடிவு தெரிந்துவிடும். இரண்டு கிழவிகள் தடுமாறுவதை எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டே பார்த்துச் சிரிப்பார்கள். அந்த வருடம் அதில்தான் முடிவு. யாரும் தேநீர்ப் பக்கமே போகவில்லை.

நான் களத்தில் இறங்கினேன். எதிரே திலகா, வெள்ளைச் சேலை, கான்வாஸ் ஷூ. கோப்பை நடுவில் மேசை மேல் இருந்தது. அண்ணாச்சியின் ஆட்கள் படம் எடுப்பதற்காக அதைப் பாத்திரப் பொடி போட்டுத் தேய்த்திருந்தார்கள். வெள்ளியைப் பாத்திரப் பொடி போட்டு. ஒரு காதில் கீறல் விழுந்திருந்தது. நான் பார்த்தேன். திலகாவும் பார்த்தாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குள் அன்று ஒத்துப்போனது அது ஒன்றுதான்.

முதல் வீச்சு என்னுடையது. வலையில் பட்டு விழுந்தது. வெயில் கண்ணில் அடித்தது. அடுத்து அவள் வீசினாள். கோட்டுக்கு ஒரு முழம் வெளியே. அடுத்து எனக்கு வந்ததை நான் விட்டுவிட்டேன், சொன்னேனே, அந்த அச்சு எழுத்து வழுக்கும் என்று. அடுத்து அவளுக்கு நேராக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஒரு வீச்சு. அதைப் பிடிக்கவில்லை. கையில் பட்டு விழுந்தது. இரண்டு சத்தம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, தம்பி. அவள் வேண்டுமென்றே விடுகிறாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். சர்வதேசப் போட்டி. இரண்டு நாட்டுக் கொடி ஏற்றியிருக்கிறது. அதில் ஒருத்தி வேண்டுமென்றே தோற்றுக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள். இதைவிடப் பெரிய மோசடி உண்டா? இங்கிலீஷ் இலக்கியத்தில் எத்தனையோ துரோகம் பாடம் எடுத்திருக்கிறேன், இந்த மாதிரி ஒன்றைப் படித்ததில்லை.

“திலகா, ஒழுங்கா ஆடு” என்றேன், வலைக்குப் பக்கத்தில் போய்.

“நீர் முதல்ல ஒழுங்கா ஆடும்.”

“எனக்கு முழங்கால்.”

“எனக்கு ரெண்டு முழங்கால்.”

நடுவராக இருந்த சாலமோன் சார் விசிலை வாயில் வைத்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், நாற்பது வருடம் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். ஜெயிக்கத் திருட்டுத்தனம் செய்கிறவர்களைத்தான் அவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்.

அவள் விட, நான் விட, பத்துக்குப் பத்து. என் பங்கு பத்தும் வெயில், முழங்கால், எழுத்து, காற்று. அவள் பங்கு பத்தும் சூது. அண்ணாச்சி பக்கவாட்டில் நின்றுகொண்டு, “டீச்சர், ஞாபகம் இருக்குல்லா” என்று கையால் கீழே போடச் சொல்லி ஜாடை காட்டுகிறார். அவர் பக்கம் நான் திரும்பவே இல்லை. ஒரு பாத்திரப் பொடிக்காரர் சொல்லித் தோற்கிறவள் இல்லை நான்.

கடைசி வீச்சு என்னுடையது. துறைமுகப் பக்கமிருந்து காற்று. வளையம் கையை விட்டுப் போனதும் தெரிந்துவிட்டது, வெளியே போகிறது என்று. கோட்டைத் தாண்டி, விருந்தினர் நாற்காலியைத் தாண்டி, ஃப்ளெக்ஸைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு தூரம் என்னால் எறிய முடியும் என்று எனக்கே தெரியாது. திலகா நின்ற இடத்தில் நின்றால் போதும். தரையில் விழும், அவளுக்குப் புள்ளி, அவள் ஜெயிப்பாள், கோப்பை வீட்டுக்கு வரும். நான் மூச்சை விட்டேன்.

திலகா ஓடினாள்.

வெளியே போகிற வளையத்துக்குப் பின்னால் யாராவது ஓடுவார்களா? தொட்டுவிட்டு விட்டால் தொட்டவர் தப்பு. அதுதான் விதி. அது அவளுக்குத் தெரியும். எழுபதை நெருங்கினவள், சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவில் புகுந்து, ஒரு ஆளின் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டு, சின்னப் பெண் மாதிரி ஓடினாள். வாய் விட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினாள். ஃப்ளெக்ஸுக்கு ஒரு சாண் முன்னால் எட்டி விரல் நுனியால் தொட்டாள். தொட்டுவிட்டுக் கீழே விட்டாள். நான் அத்தனை தூரத்தில் நிற்கிறேன். கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டேன்.

இரண்டு சத்தம்.

“டச்” என்று சாலமோன் சார் கையைத் தூக்கினார். தூத்துக்குடி ஜெயித்துவிட்டது. எங்கள் பக்கம் ஒரே கைதட்டல். நான் அழுதேன். மறுநாள் பேப்பரில் என் படம் போட்டு ‘ஆனந்தக் கண்ணீர்’ என்று எழுதியிருந்தார்கள். அண்ணாச்சி வந்து, துக்க வீட்டில் கேட்கிற குரலில், “ஜெயிச்சிட்டீங்களே டீச்சர்” என்றார்.

திலகா முழங்கையில் சிராய்ப்போடு வந்து எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை கூடுதலாகப் போட்டிருந்தாள், வேண்டுமென்றேதான். கோப்பையை ஒரு பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கீறல் விழுந்த காதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“அடுத்த வருசம் வந்து தோத்து எடுத்துக்கொண்டு போம்” என்றாள்.

“நான் தோக்கிறதுக்கு விளையாடுற ஆள் இல்ல” என்றேன்.

“ஓம் ஓம்” என்றாள்.

அடுத்த வருடம் அண்ணாச்சி மாரத்தானுக்கு ஸ்பான்சர் செய்யப் போய்விட்டார். அதில் தோற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாதாம், நிம்மதி என்றார். அதற்கு அடுத்த வருடம் கொழும்பில் பெட்ரோலுக்கும் பாலுக்கும் வரிசை. போட்டி நடக்கவில்லை. பிறகும் நடக்கவில்லை. ஷோகேஸில் அந்த இடத்தில் பிளாஸ்டிக் பூ வைத்துப் பார்த்தேன், எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மாதம் ஒருமுறை திலகா போன் செய்வாள். “கிறிசி, இண்டைக்கு விபூதி போட்டனான். உம்மட பல்பொடி வாசம் இன்னும் போகேல்லை.” நான் உடனே வைத்துவிடுவேன். நியாயம்தானே? மோசடி செய்தவளிடம் எவ்வளவு நேரம் பேசுவது? வைத்துவிட்டு, அடுத்த போன் எப்போது வரும் என்று காலண்டரைப் பார்ப்பேன்.

போன மாதம் அவள் மகள் தர்ஷினி கூப்பிட்டாள். கணக்கு வேலை பார்க்கிற பெண், நல்ல பிள்ளை.

“ஆன்ட்டி, அம்மாட கோப்பை இஞ்சதான் இருக்கு. கறுத்துப்போச்சு. உங்களுக்கு அனுப்பிவிடட்டோ?”

“அப்படி அனுப்பக் கூடாது அம்மா. அது கொடுத்து வாங்குற பொருள் இல்ல. தோத்தவங்களுக்குத்தான் சேரும். நான் ஜெயிச்சவ.”

“அப்ப நான் என்ன செய்யிறது?”

“நான் வர்றேன். நீ உங்க அம்மா இடத்துல நின்னு என்னோட ஒரு ஆட்டம் ஆடு.”

“ஐயோ ஆன்ட்டி, எனக்கு வளையம் பிடிக்கவே தெரியாது.”

அதுதான் இப்போது கவலை. பிடிக்கவே தெரியாத பெண்ணோடு ஆடினால் நான் ஜெயித்துத் தொலைப்பேன். அதனால் முதலில் ஒரு வாரம் தங்கி அவளுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறேன். நன்றாகக் கற்றுக்கொடுப்பேன், என் மாணவிகளைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் நேர்மையாக ஒரு ஆட்டம். முடிவு ஆண்டவர் கையில். ஆனால் ஒன்று, எனக்கு இப்போதெல்லாம் முழங்கால் முன்னைவிட மோசம். அங்கே கடற்கரையில் காற்று வேறு பலமாக அடிக்கும்.

இந்தாருங்கள், இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள், தண்ணீர் எடுக்கிறேன். கனமாக இருக்கிறதா? வளையம்தான், எழுத்து அச்சடிக்காதது. அந்தப் பொட்டலமா? விபூதி. அப்படிப் பார்க்காதீர்கள், நான் வேதக்காரிதான். அருப்புக்கோட்டையில் பஸ் நின்றபோது கோவில் வாசல் கடையில் வாங்கினேன். கறுத்துப்போன வெள்ளிக்கு எது நல்லது என்று ஒருமுறை போட்டுத்தான் பார்ப்போமே. அவள் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வதாக இல்லை.

மாட்டுத்தாவணி வந்துவிட்டது போலிருக்கிறது. என்ன கேட்டீர்கள்? அந்த அம்மாவே ஏன் கூப்பிடவில்லை, மகள் ஏன் கூப்பிட்டாள் என்றா?

திலகா தை மாதம் இறந்துபோனாள், தம்பி. வெள்ளவத்தை வீட்டில், தூக்கத்தில்.